எதிரே வந்தவர்

அவரை நான் முதன்முதலில் பார்த்தது என் மாமியாரின் விரல் இடுக்கு வழியாக. கல்யாணம் முடிந்து பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து பாபநாசத்துக்கு அருகே இருக்கும் இந்த ஊருக்குக் காரில் வந்துகொண்டிருந்தோம். ஏரிக்கரை மேல் ஏறியதும் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். மாமியார் "பாக்காத, பாக்காத" என்று என் கண்ணைப் பொத்தினார். பொத்தினால் பார்க்காமல் இருக்க நான் என்ன கைக்குழந்தையா? மோதிர விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவே பார்த்தேன். புலியுமில்லை, பாம்புமில்லை. ஐம்பது வயதில் ஒரு பெண். கத்திரிப்பூக் கலர் சேலை, ஆண்கள் போடுகிற ரப்பர் செருப்பு, கையில் ஒரு கயிறு, கயிற்றின் அந்த முனையில் ஒரு செவலை நாய். ஏரியைப் பார்த்தபடி நிதானமாக எங்கள் கார் ஓரமாக நடந்து போனார். நாய் மட்டும் ஒருமுறை கார் டயரை முகர்ந்து பார்த்தது.

அவர் செய்த குற்றம் என்ன என்று அன்று ராத்திரிக்குள் தெரிந்துவிட்டது. புருஷன் செத்துப்போனார், இவர் சாகவில்லை. அவ்வளவுதான். நல்ல காரியத்துக்குப் போகிறவர்களுக்கு எதிரே தாலியறுத்தவள் வரக் கூடாதாம். வந்தால் போகிற காரியம் விளங்காதாம். இதைச் சொல்கிறவர்கள் செவ்வாய்க் கிரகத்துக்கு ராக்கெட் விட்டதை போனில் பார்த்துக் கைதட்டியவர்கள்தான். அதெல்லாம் வேறு, இது வேறு.

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. இருந்தவரைக்கும் ஊரில் யாரும் சொல்லவில்லை, இப்போது நான் சொல்லி என்ன ஆகப் போகிறது. நாய்க்காரம்மா என்பார்கள். என்னை அத்தை என்று கூப்பிடச் சொன்னார்கள். வீட்டில் இருக்கிற ஒரு அத்தையே எனக்குப் போதும் என்று அக்கா என்று கூப்பிட்டேன்.

ஏரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பறவைகள் சரணாலயம் என்று வாசலில் போர்டு இருக்கிறது, பார்வைக் கோபுரம் ஒன்று இருக்கிறது, தண்ணீருக்கு நடுவே கருவேல மரங்கள் நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் அந்த மரங்களில் இடம்பிடிக்கச் சண்டை போடும். சுற்றிலும் கரை. கரைக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் இரண்டு ஆள் பள்ளத்தில் வயல். மெயின் ரோட்டை ஒட்டிப் பெரிய தெரு, அங்கேதான் அக்கா வீடு. ஏரிக்கு அந்தக் கடைசியில் எங்கள் தெரு. நாங்கள் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் கரைமேல்தான் போக வேண்டும், அதிலும் வண்டி போகிற அகலம் ஒரு பக்கக் கரையில்தான், வேறு வழி கிடையாது. அக்கா தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு நாயோடு கிளம்பி ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒருநாள் இந்தப் பக்கமாக, ஒருநாள் அந்தப் பக்கமாக. முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் அரை மணியில் முடிந்துவிடும், ஆனால் அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

பெண்கள் நடக்காத ஊர் இல்லை இது. களைபறிக்க நடப்பார்கள், ரேஷன் கடைக்கு, கோயிலுக்கு, நூறு நாள் வேலைக்கு நடப்பார்கள். ஒரு வேலையும் இல்லாமல் ஒரு பொம்பளை நாயைப் பிடித்துக்கொண்டு கொக்கு பார்த்தபடி நடப்பதுதான் இவர்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. சுகரா என்று ஒருத்தி கேட்டாளாம். டாக்டர் சொன்னார் என்றால் மன்னித்து விட்டுவிடலாம் பாருங்கள். "சுகர் இல்ல. கால் இருக்கு" என்றாராம் அக்கா.

நாய் வந்த கதையும் அப்படித்தான். புருஷனுடைய பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாட்டில் இலை எடுக்கும்போது குட்டியாக வந்து சேர்ந்தது. அன்று வந்த கூட்டத்தில் திரும்பிப் போகாதது அது ஒன்றுதான் என்பார். பிள்ளையில்லாத வீடு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லாரும் விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவர் பிறந்த வீட்டார் கோடி போட்ட வெள்ளைச் சேலையை அக்கா நீளவாக்கில் கிழித்து, முறுக்கி, நாய்க்குக் கயிறாக்கிக் கட்டிவிட்டார். அக்காவின் கொழுந்தன் வாசலில் நின்று குதித்திருக்கிறார். அண்ணன் போன துக்கம் அவருக்குப் பதினாறு நாளில் ஆறிவிட்டது, சேலை கிழிந்தது ஆறவில்லை. அக்கா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதுதான் முதல் நாள் நடை.

எல்லாவற்றுக்கும் முறைத்துக்கொண்டு நிற்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். சரணாலயக் காவலர் ஒருநாள் நாய் கூடாது என்று மறித்தார். அக்கா அவரை போர்டு வரைக்கும் கூட்டிப் போய், உள்ளே நாய் கூடாது என்று போட்டிருக்கிறது, கரை ஊருக்குப் பொதுவான பாதை, நான் உள்ளே வரவில்லை என்றார். காவலர், குஞ்சு பொரிக்கிற நேரம், மரங்கள் கரைக்குக் கிட்டே இருக்கிற இடத்தில் நாய் குரைத்தால் பறவை மிரண்டு எழும்பும், குஞ்சு விழுந்துவிடும் என்று தன் கஷ்டத்தைச் சொன்னார். அது நியாயம் என்று அக்கா ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் கயிற்றைச் சுருட்டிக் கையோடு பிடித்துக்கொள்வார். காரணம் சொன்னால் கேட்பார். காரணமே இல்லாத பேச்சுதான் அவர் காதில் ஏறாது.

வண்டி வந்தால் எல்லாரையும் போலக் கரை ஓரமாக நிற்பார். டிராக்டர் வந்தால் நாயைக்கூடத் தூக்கிக்கொள்வார். ஆனால் சகுனத்துக்காக வயலில் இறங்கி நில்லு, முகத்தைத் திருப்பிக்கொள் என்றால் மாட்டார். வழிக்காக அடிக்கிற ஹாரன் எது, இதற்காக அடிக்கிற ஹாரன் எது என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். இரண்டாவதற்கு அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அதனால் எங்கள் தெருவில் ராகுகாலம், எமகண்டம் மாதிரி நாய்க்காரம்மா காலம் என்றும் ஒன்று வந்து சேர்ந்தது. நாலரையிலிருந்து ஐந்தே கால் வரை எந்த நல்ல காரியத்துக்கும் கிளம்ப மாட்டார்கள். ஒருமுறை எதிர்வீட்டுப் பையனுக்கு நிச்சயதார்த்தம். தட்டு வரிசையோடு வேனில் இருபது பேர் ஏறி உட்கார்ந்திருந்தோம், அவர் சுற்றி முடிக்கட்டும் என்று. அக்கா அதைத் தெரிந்துகொண்டுவிட்டார். கரை நடுவில் நின்று தண்ணீரில் மிதந்த ஒரு நாமக்கோழியைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தக் கோழியும் அசையவில்லை, இவரும் அசையவில்லை. வேனுக்குள் புழுக்கம், மல்லிகைப்பூ வாடுகிறது, மாப்பிள்ளைக்கு வியர்த்து பவுடர் வழிகிறது. பெண் வீட்டிலிருந்து நாலு போன் வந்துவிட்டது. அன்று நான் சிரித்துவிட்டேன். மாமியார் தொடையில் கிள்ளினார்.

சிரித்தேனே தவிர, முதல் இரண்டு வருஷம் அவரோடு நான் நின்று பேசியதில்லை. துணிச்சல் இல்லை, வேறென்ன. வீட்டுக்காரர் சிங்கப்பூரில், நான் மாமியார் சமையலறையில். மாடியில் துணி காயப் போடும்போது கரைமேல் அவர் போவதைப் பார்ப்பேன். அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குப் பொறாமையாக இருக்கும். மாவு மில்லில் ஒருநாள் எல்லாரும் அவரை முன்னால் விட்டார்கள். மரியாதையில்லை, சீக்கிரம் இடத்தைக் காலி பண்ணட்டும் என்று. அக்கா, எனக்கு முன்னாடி வந்தவங்கள்லாம் அரைச்சு முடிக்கட்டும் என்று தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்து நாய்க்கு என்ன பேர் என்று கேட்டேன். பேர் வைத்தால் கண்டவர்களும் கூப்பிடுவார்கள், அதான் வைக்கவில்லை என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு கரையில் எதிரே பார்த்தால் இருவரும் சிரித்துக்கொள்வோம்.

வீட்டுக்காரர் லீவுக்கு வந்து போனார், ஐப்பசியில் எனக்குப் பிரசவம். எனக்கு அம்மா இல்லை, அதனால் தலைப்பிரசவமே மாமியார் வீட்டில் என்று ஆகிவிட்டது. மத்தியானமே லேசாக வலி. நாலு மணிக்கு நெருக்கிப் பிடித்தது. என் கொழுந்தன் யாரிடமோ ஒரு ஆம்னி வேனை வாங்கிவந்தான். மாமியார் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மணி பார்க்கிற நிலையில் யாரும் இல்லை.

கரையில் பாதி தூரம் போயிருப்போம். எதிரே அக்கா, நாயோடு. வண்டியைப் பார்த்ததும் வழக்கம்போல ஓரமாக நின்று வழிவிட்டார். தாராளமாகப் போகலாம். மாமியார் கொழுந்தன் தோளைப் பிடித்து உலுக்கி, நிறுத்துடா என்றார். அவன் ஹாரன் அடித்தான். அக்கா கீழே இறங்கவில்லை, முகத்தையும் திருப்பவில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது.

கிளம்பும்போது சகுனம் தட்டினால் எங்கள் பக்கத்தில் ஒரு பரிகாரம் உண்டு. வீட்டுக்குத் திரும்பிப் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். மாமியார் அதைத்தான் சொன்னார். வண்டியைத் திருப்பச் சொன்னார். நான் வலியில் சீட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், இவர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்கிறார். கொழுந்தனாவது மாட்டேன் என்றிருக்க வேண்டும். அம்மா சொன்னால் தட்டாத பிள்ளை. மழையில் ஊறிக் கிடந்த கரையில் முன்னே ரெண்டு அடி, பின்னே ரெண்டு அடி என்று வளைத்தான். மூன்றாவது தடவை பின் சக்கரம் வயல் பக்கம் வழுக்கி இறங்கியது. வண்டி கரைக்குக் குறுக்கே சாய்ந்து நின்றது. இனி அதுவும் போகாது, எங்கள் தெருவிலிருந்து வேறு வண்டியும் அதைத் தாண்டிப் போக முடியாது.

அக்கா கயிற்றை விட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மாமியார் அந்த நேரத்திலும் விடவில்லை.

"எல்லாம் நீ எதிர்ல வந்ததால வந்த வினை."

"நான் எதிர்ல வந்தேன், சரி. வண்டியத் திருப்பச் சொன்னது யாரு, அக்கா?"

அதற்கு மேல் அவரிடம் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. கொழுந்தனிடம், ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணு, மெயின் ரோட்டில் வந்து நிற்கச் சொல்லு, கரை ஊறிக் கிடக்கிறது, உள்ளே வந்தால் அதுவும் மாட்டிக்கொள்ளும் என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நடப்பியா?" என்றார்.

"நடக்கறேன்க்கா."

"ஓட வேணாம். வலி வந்தா நில்லு. போனா நட."

இடது கையை அவர் தோளில் போட்டுக்கொண்டேன். அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். நாய் தானாக முன்னால் போய், கொஞ்ச தூரத்தில் நின்று, நாங்கள் வருகிறோமா என்று பார்த்துப் பார்த்துப் போனது. வலி வரும்போது அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். கத்தினேன். வெட்கப்படாமல் கத்தினேன். கருவேல மரத்திலிருந்து நாரைகள் கிளம்பி ஒரு சுற்று சுற்றி மறுபடி உட்கார்ந்தன. "காவக்காரர் வந்தா உன்னத்தான் மொதல்ல வெளிய போகச் சொல்லுவாரு, நாயை இல்ல" என்றார் அக்கா. அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. தைரியமா இரு, சாமியைக் கும்பிடு என்றெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் புளிய மரம் வரைக்கும், அப்புறம் அந்த மதகு வரைக்கும், அப்புறம் அந்த கரன்ட் கம்பம் வரைக்கும் என்று துண்டு துண்டாகக் கூட்டிக்கொண்டு போனார். மாமியார் பத்தடி பின்னால் பையோடு வந்தார். சாயங்காலம் தினமும் அக்கா நடக்கிற அதே நடைதான். அதைவிட வேகமாக அவரும் போகவில்லை, என்னையும் போக விடவில்லை.

ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. என்னை ஏற்றிவிட்டு அவர் ஏறவில்லை. கூட வாங்கக்கா என்று கையைப் பிடித்தேன். மாமியார் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், நான் எதற்கு, நாய் தனியாக நிற்கிறது என்றார். கதவு மூடும்போது பார்த்தேன், நாயின் கயிற்றை எடுத்துக்கொண்டு மறுபடி கரைக்கே போய்க்கொண்டிருந்தார். விட்ட சுற்றை முடிக்கத்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் அரை மணியில் என் பெண் பிறந்தாள்.

இதோடு ஊருக்குப் புத்தி வந்தது, அவரைக் கும்பிட்டுக் கொண்டாடினார்கள் என்று நான் முடித்திருக்கலாம். அப்படித்தான் நடந்தது, அதுதான் கொடுமை. மாமியார் தெரு முழுக்கச் சொன்னார், நாய்க்காரம்மா எதிரே வந்த நேரம் சுகப்பிரசவம் என்று. வண்டி சாய்ந்தது அவருக்கு மறந்தே போயிற்று. எதிர்வீட்டுப் பையனுக்கு விசா வந்த அன்றும் அவர் எதிரே வந்தாராம். போதாதா? நாலரை மணிக்குக் கிளம்பக் கூடாது என்றவர்கள் நாலரை மணிக்காகக் காத்திருந்து கிளம்ப ஆரம்பித்தார்கள். கரையில் கார் நிற்கும், அவர் வந்து தாண்டினால்தான் போகும். கும்பிடு வேறு. எனக்குப் பெருமையாக இருந்தது. ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் வரவர அவர் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை.

பெண்ணுக்கு மூணு வயசு முடிந்தது. விஜயதசமி அன்று பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக முடிவு. நான் முதல் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன், வெற்றிலை பாக்கு, பழம், ஒரு பட்டுச் சேலை எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு. அரக்குக் கலரில் நல்ல சேலை. காலை ஒன்பது மணிக்குக் கிளம்புகிறோம், நீங்கள் கரையில் எதிரே வர வேண்டும் என்று கேட்டேன். ஆசையாகத்தான் கேட்டேன். உங்கள் கையைப் பிடித்துப் பிறந்தவள் என்றுகூடச் சொன்னேன்.

தட்டை அவர் வாங்கவில்லை.

"உன் மாமியா தள்ளிப் போன்னாங்க. நான் போகல. அது எனக்குக் கஷ்டமா இல்ல. இப்ப நீ வந்து நில்லுன்னு சொல்றியே, அது கஷ்டமா இருக்கு."

நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று ஏதோ குழறினேன்.

"எந்த அர்த்தமும் வேணாம். நான் ஒரு பொம்பள. சாயங்காலம் நாயோட நடக்கறேன். நல்லதோ கெட்டதோ, என் மேல எதையும் ஏத்தாத."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்திருப்பேன். தட்டோடு கரைமேல் திரும்பி வரும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நான் என் மாமியார் மாதிரி இல்லை என்று அத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் யாரும் எதிரே வராமலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பெண் எல்லாப் பிள்ளைகளையும் போல ஒரு வாரம் அழுதாள், அப்புறம் நிறுத்திவிட்டாள். அக்கா எப்போதும்போல எதிரே வரும்போது சிரித்தார். நான்தான் ரொம்ப நாள் நிமிர்ந்து பார்க்க முடியாமல் இருந்தேன்.

போன வருஷம், மாசி கடைசி. வாசலில் உட்கார்ந்திருந்த அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. தகவல் எங்களுக்குச் சாயங்காலம் வந்தது. மறுநாள் காலையில் என் கொழுந்தனுக்குத் திருச்சியில் ஃபிளைட், அவனும் சிங்கப்பூர் கிளம்புகிறான். நல்ல பயணம் போகிற வீட்டிலிருந்து சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நான் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன், நான் போகவில்லை. காலையில் வழியனுப்பக் காரிலும் ஏறினேன், ரோட்டுக்குப் போகிற வழியில் இறங்கி ஒரு மாலையாவது போட்டுவிடலாம் என்று.

வெயிலுக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சுடுகாடு எங்கள் தெருவுக்குப் பின்னால்தான். கரையில் பாதி வழியில் பாடை எதிரே வந்தது. ரோட்டில் டிரைவர் ஏறுகிறவரைக்கும் ஓட்டிக்கொண்டிருந்த கொழுந்தன் காரை ஓரம் கட்டினான்.

உயிரோடு எதிரே வந்தால் ஆகாது, பிணமாக எதிரே வந்தால் அதைவிட நல்ல சகுனம் கிடையாது. இதுவும் எங்கள் ஊர்ச் சட்டம்தான். எனக்கு அது அந்த நிமிஷம்வரை ஞாபகத்தில் இல்லை. மாமியாருக்கு இருந்தது. கண்ணில் தண்ணீர், நடிப்பில்லை, நிஜமாகவே அழுகிறார். அழுதுகொண்டே இரண்டு கையையும் கூப்பி மகனிடம், "நல்ல சகுனம்டா. கும்பிட்டுக்க. போற எடத்துல அமோகமா இருப்ப" என்றார். அவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்டான்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

"எங்கடி போற? பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போகக் கூடாது."

"நீங்க ஏர்போர்ட்டுக்குப் போங்கத்தை. அவங்க மேல எதையும் ஏத்தாம போங்க."

பாடைக்குப் பின்னால் இருபது ஆம்பளைகள், நாய் ஒன்று. செத்தவருடைய கொழுந்தன் தீச்சட்டியோடு முன்னால் போனார், என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தார். ஒருவர், ஏம்மா வீட்டுக்குப் போ என்றார். நான் நாய்க்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன். நாய்க்கும் வயசாகிவிட்டது, பின்னங்கால் இழுக்கிறது, அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. தூக்கிப் போனவர்கள் வெயில் ஏறுகிறதே என்று ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாடை ஆடிக் குலுங்கியது. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"மெதுவாப் போங்க. அவங்க ஒருநாளும் ஓடுனதில்ல."

பின்னால் தூக்கி வந்த ஒருவர் திரும்பினார். நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முன்னால் இருந்தவரிடம் என்னவோ முணுமுணுத்தார். நடை குறைந்தது. குலுக்கல் நின்றது. கரை முடிகிறவரைக்கும் நாங்கள் எல்லாரும் நிதானமாகவே நடந்தோம்.